பறவை வேட்டைக்குப் பம்ப் ஆக்‌ஷன் ஷாட்கன்: பல பருவங்கள் சுமந்த பிறகு

பம்ப் ஆக்‌ஷன் ஷாட்கன், அதாவது முன்கட்டையைக் கையால் பின்னும் முன்னும் தள்ளித் தோட்டா ஏற்றும், சிறு குண்டுகளைச் சிதறவிடும் துப்பாக்கி, வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது “எந்தக் கம்பெனி?” என்றுதான். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது: துப்பாக்கியைத் தோளில் ஏற்றியதும் கண் எங்கே போய் நிற்கிறது?

ஷாட்கனில் யாரும் நிதானமாகக் குறிபார்ப்பதில்லை. பறவையைப் பார்க்கிறோம், கை அதன் பின்னால் போகிறது. தோட்டா இல்லை என்று இருமுறை உறுதிசெய்துகொண்டு, கண்ணை மூடித் தோளில் ஏற்றிவிட்டுக் கண்ணைத் திறந்து பாருங்கள். குழலின் நுனியிலுள்ள மணி (குறிபார்க்க உதவும் சிறு குமிழ்) நேராகத் தெரிந்தால் கட்டை (தோளில் அணையும் பின்பகுதி) உங்களுக்குப் பொருந்துகிறது. கண்முன் துப்பாக்கியின் பின்புறம் மட்டும் தெரிந்தால் கட்டை தாழ்வு. குழலின் மேற்பரப்பு சரிவாக நீண்டு தெரிந்தால் உயரம். மற்ற எல்லாமே இதற்கு அடுத்துத்தான். பொருந்தாத துப்பாக்கியால் பறவை தப்பினால்கூடப் பரவாயில்லை, சில நேரம் காயத்தோடு பறந்துபோகும். அது எனக்குப் பொறுக்காது.

நான் வைத்திருப்பது மோஸ்பெர்க் 500, 12 கேஜ் (குழல் விட்டத்தின் அளவு; எண் குறைந்தால் குழல் பெரிது), 28 அங்குலக் குழல். அலுமினிய உடல் என்பதால் நாள் முழுக்கச் சுமந்தாலும் தோள் வலிப்பதில்லை. எடை குறைந்தால் சுடும்போது தோளில் விழும் உதை கூடும், அது உண்மைதான். ஆனால் பறவை வேட்டையில் சுடும் நேரத்தைவிட நடக்கும் நேரம்தான் மிக அதிகம். இதன் சேஃப்டி (தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு) மேலே, கட்டைவிரல் இயல்பாகப் படியும் இடத்தில் இருக்கிறது. இடக்கை, வலக்கை இரண்டுக்கும் ஒத்துவரும். பிஸ்டல் கைப்பிடி மாட்டினால் மட்டும் கட்டைவிரல் எட்டச் சிரமப்படும். பறவைக்கு எப்படியும் அந்தக் கைப்பிடி வேண்டாம்.

1950-ல் வந்த ரெமிங்டன் 870 வேறு மாதிரி. உடல் எஃகு, சுமந்து நடந்தால் கனம் தெரியும், ஆனால் அந்தக் கனமே குழலைச் சீராக வீச உதவுகிறது. சேஃப்டி, விசைக்கு (ட்ரிக்கருக்கு) பின்னால் குறுக்காக அழுத்தும் பொத்தான். இடக்கைக்காரர்கள் இத்தாகா 37, பிரவுனிங் பிபிஎஸ் இரண்டையும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டிலும் காலித் தோட்டா கீழே விழும், முகத்துக்கு முன்னால் பறக்காது.

3½ அங்குலத் தோட்டா ஏற்கும் சேம்பர் (தோட்டா அமரும் அறை) மேல் பலருக்கு ஆசை. எனக்கு 3 அங்குலமே போதுமாக இருந்திருக்கிறது. பெரிய வாத்துக்களுக்கும் அது போதும், சிறு பறவைகளுக்கு 2¾ அங்குலத் தோட்டாவும் அதே சேம்பரில் போகும். 3½ அங்குலத் தோட்டாவின் உதை, அடுத்த முறை சுடக் குழலைத் திரும்பக் கொண்டுவரும் வேகத்தைத் தின்றுவிடும்.

20 கேஜ் இலகு, புதர்ப் பறவைகளுக்கு அருமை. ஆனால் 12, 20 இரண்டையும் வைத்திருப்பவர்கள் தோட்டாக்களை ஒரே பையில் போடவே கூடாது. 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழலுக்குள் நழுவி முன்னால் போய்ச் சிக்கும். அதன் பின்னால் 12 கேஜ் தோட்டா சேம்பரில் ஏறிவிடும். சுட்டால் குழல் வெடிக்கும். 20 கேஜ் தோட்டாக்கள் மஞ்சள் நிறத்தில் வருவது இதனால்தான்.

சோக் (குழல் நுனியைக் குறுக்கி, குண்டுகள் சிதறுவதைக் கட்டுப்படுத்தும் பகுதி) விஷயத்தில் காகிதம் சொல்வதைத்தான் நம்புவேன். 40 கெஜத்தில் 30 அங்குல வட்டம் வரைந்து சுட வேண்டும். வட்டத்துக்குள் விழும் குண்டுகள் ஃபுல் சோக்கில் ஏறத்தாழ 70 சதவீதம், மாடிஃபைடில் 60, இம்ப்ரூவ்டு சிலிண்டரில் 50 என்பது வழக்கமான அளவு. எஃகுக் குண்டு வந்தால் கணக்கு மாறும். அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டுக்கு நாடு முழுக்கத் தடை. எஃகு ஈயத்தைவிட லேசு, ஆனால் கடினம்: நசுங்காமல் செறிவாகப் போகும், வேகம் சீக்கிரம் குறையும். அதனால் ஈயத்தில் எடுப்பதைவிட இரண்டு அளவு பெரிய குண்டு, ஒரு படி திறந்த சோக். மாடிஃபைடு எனக்கு நன்றாக அமைந்திருக்கிறது. எஃகை ஃபுல் சோக்கில் சுடலாமா என்பது அந்தச் சோக்கின் மீதுள்ள குறிப்பைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டியது.

பம்ப் சிக்குகிறது என்ற புகாரில் பெரும்பங்கு கைப்பழக்கம். முன்கட்டையைப் பாதியில் விட்டால் காலித் தோட்டா வெளியேறாது, அடுத்தது ஏறாது. பின்னால் இடிக்கும்வரை இழுத்து, முன்னால் இடிக்கும்வரை தள்ள வேண்டும், தயங்காமல். போலித் தோட்டாவோடு வீட்டில் பழகுங்கள். முன்கட்டை சற்று ஆடினால் கவலைப்படாதீர்கள், பம்ப் வகைக்கே அது இயல்பு.

சதுப்புநிலத்தில் நனைந்த நாளில் குழலைக் கழற்றித் துடைக்காமல் நான் தூங்குவதில்லை. விசைத் தொகுதியைக் கழற்ற மோஸ்பெர்க் 500-ல் ஒரு முளையை (பின்) எடுக்க வேண்டும், 870-ல் இரண்டை. தோட்டாக் குழாயின் (குழலுக்குக் கீழே தோட்டாக்கள் வரிசையாக இருக்கும் குழாய்) உட்புறமும் துருப்பிடிக்கும்; எண்ணெய் மெல்லிய படலமாகப் போதும்.

பழையது வாங்கினால், குழலைக் கழற்றி வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து உட்புறத்தைப் பாருங்கள். வளையம் போல ஒரு நிழல் விழுந்தால் அந்த இடத்தில் குழல் உப்பியிருக்கிறது என்று பொருள். சோக்கைத் திருகிக் கழற்ற முடிகிறதா என்பதையும் அங்கேயே சோதித்துவிடுங்கள். துருவில் ஒட்டிப்போன சோக்கை எடுப்பது பெரும்பாடு.