முதல் தலைமுறை வழக்கறிஞருக்கு இந்தியன் கானூன் தளம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

வழக்கறிஞர் குடும்பத்தில் பிறக்காத ஒருவர் பதிவு செய்துகொண்டு தொழிலுக்கு வரும்போது, அவரிடம் இல்லாதவற்றில் முதன்மையானது தீர்ப்புத் திரட்டுகள் நிறைந்த அலமாரி. 1891இல் மயிலாப்பூர் வழக்கறிஞர்கள் தொடங்கிய மெட்ராஸ் லா ஜர்னல், 1914இல் தொடங்கிய லா வீக்லி ஆகியவற்றின் பழைய தொகுதிகள் தந்தையிடமிருந்து மகனுக்கும், சீனியரிடமிருந்து அவருக்குப் பிடித்த ஜூனியருக்கும் சென்றுகொண்டிருந்தன. மற்றவர்கள் சங்க நூலகத்தில் காத்திருந்தார்கள். அல்லது சீனியர் வீட்டுக்குப் போனபிறகு அவருடைய அறையில் அமர்ந்து குறிப்பெடுத்தார்கள். வட்டத் தலைநகரில் உள்ள முன்சீப் நீதிமன்றத்தில் தொழில் செய்தவருக்கு அந்த வாய்ப்பும் பெரும்பாலும் கிடையாது. 2008 ஜனவரியில் தொடங்கப்பட்ட இந்தியன் கானூன் என்னும் இணையதளத்தை நான் மதிப்பிடுவது இந்தப் பின்னணியில்தான்.

இதை உருவாக்கிய சுஷாந்த் சின்ஹா வழக்கறிஞர் அல்லர். சென்னை ஐ.ஐ.டி.யில் கணினி அறிவியல் படித்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற பொறியாளர். உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள், பல தீர்ப்பாயங்கள் ஆகியவற்றின் தீர்ப்புகளையும் மத்தியச் சட்டங்களையும் ஒரே தேடுபெட்டிக்குள் கொண்டுவந்து, கட்டணமின்றிப் படிக்க வைத்தார். தீர்ப்புகளை மறுபதிப்புச் செய்வது பதிப்புரிமை மீறலாகாது என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு முன்பே கூறியிருந்தது. தளம் தொடங்குவதற்குச் சற்று முன்பு, 2007 டிசம்பரில், ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் மோடக் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதே நிலையை விளக்கியது: தீர்ப்பின் மூல உரை பொதுச் சொத்து, தலைக்குறிப்பு (தீர்ப்பின் சாரத்தை அதன் தலைப்பில் சுருக்கித் தரும் குறிப்பு) போன்ற பதிப்பாசிரியரின் உழைப்புக்கு மட்டுமே பாதுகாப்பு உண்டு. இந்தத் தளத்தில் அச்சுத் திரட்டுகளில் இருப்பதுபோன்ற தலைக்குறிப்புகள் இல்லாததற்குக் காரணமும் அந்தக் கோடுதான். எனவே ஜூனியர் தீர்ப்பை முழுவதும் படித்தே ஆக வேண்டும். இதை நான் குறையாகக் கருதவில்லை. தலைக்குறிப்பை மட்டும் படித்துவிட்டு வாதாடும் பழக்கத்துக்கு இது நல்ல மருந்து.

பயன்பாட்டில் இதன் பெரிய பலம் ஒவ்வொரு தீர்ப்பின் மேலும் காட்டப்படும் இரண்டு பட்டியல்கள்: இந்தத் தீர்ப்பு எவற்றை மேற்கோள் காட்டுகிறது, எவை இந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டியுள்ளன. இரண்டாவதைப் பார்க்காமல் எந்தத் தீர்ப்பையும் நீதிமன்றத்தில் எடுத்து வைக்கக் கூடாது. பணமின்றித் திரும்பிய காசோலை தொடர்பான வழக்கை உதாரணமாகக் கொள்ளலாம். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 139ஆம் பிரிவு கூறும் அனுமானத்துக்குள் (காசோலை கடனை அடைக்கவே தரப்பட்டது என்று நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்வது) சட்டப்படி வசூலிக்கத்தக்க கடன் இருப்பது அடங்காது என்று 2008ஆம் ஆண்டின் கிருஷ்ண ஜனார்தன் பட் தீர்ப்பு கூறியது. எதிரிக்காக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்காக, ஆஜராகும் இளைஞருக்கு அதைக் கண்டவுடன் மகிழ்ச்சி பொங்கும். ஆனால் 2010இல் ரங்கப்பா எதிர் ஸ்ரீ மோகன் வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தக் கருத்தை ஏற்க மறுத்து, அனுமானத்துக்குள் கடனும் அடங்கும் என்று தெளிவுபடுத்திவிட்டது; எதிரி அதை நிகழ்தகவுகளைக் காட்டி முறியடிக்கலாம், அவ்வளவே. பின்னர் மேற்கோள் காட்டிய தீர்ப்புகளைத் திறந்து பார்த்தவர் இதை ஐந்து நிமிடங்களில் அறிந்துகொள்வார். பார்க்காதவருக்கு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதை நீதிபதியின் முன்னிலையில் சொல்லித் தருவார். செல்லுபடியாகாத தீர்ப்பின் மீது சிவப்பு எச்சரிக்கையைத் தளம் தானாக ஒட்டும் என்று நம்பியிருக்கக் கூடாது. பிற்காலத் தீர்ப்புகள் ஒரு தீர்ப்பை ஏற்றனவா, எதிர்மறையாகப் பார்த்தனவா என்று காட்டும் குறிப்புகளும், உண்மைகள், எழுவினாக்கள் (நீதிமன்றம் தீர்க்க வேண்டிய கேள்விகள்), வாதங்கள், நீதிமன்றத்தின் காரணங்கள் என்று பத்திகளைப் பிரித்துக் காட்டும் வண்ணக் குறியீடுகளும் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டன. அவை கணினி இடும் குறிப்புகள் என்பதால் வழிகாட்டியாக மட்டுமே கொள்ளத்தக்கவை.

தேடும் முறைக்குச் சிறிது பழக்கம் தேவை. சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் இட வேண்டும். சொற்களை இணைக்கவும் விலக்கவும் பயன்படும் ஆங்கிலச் சொற்களின் இறுதி எழுத்தை (ANDD, NOTT என்பதுபோல) இரட்டித்துத் தட்டச்சு செய்ய வேண்டும். 2024 ஜூலை 1ஆம் தேதி புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்த பிறகு இன்னொரு சிக்கலும் சேர்ந்துள்ளது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482ஆம் பிரிவு உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரத்தைக் குறித்தது. அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதே எண் முன்ஜாமீனைக் குறிக்கிறது, உள்ளார்ந்த அதிகாரம் 528ஆம் பிரிவுக்குப் போய்விட்டது. எண்ணை மட்டும் இட்டுத் தேடுபவருக்கு இரண்டும் கலந்து வரும். சட்டத்தின் பெயரையும் காலவரம்பையும் சேர்த்துத் தேடுவது ஒன்றே வழி.

இந்தத் தளத்தின் இன்னொரு பயனைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பழைய தீர்ப்புகளின் தலைப்பகுதியில் ஆஜரான வழக்கறிஞர்களின் பெயர்கள் இருக்கின்றன. அவற்றைப் பின்தொடர்ந்தால் மனிதர்களின் வாழ்க்கைப் பாதைகள் தெரியவரும். தடுப்புக்காவலை எதிர்த்துத் தொடுக்கப்பட்டு, 1950 மே மாதம் தீர்ப்பளிக்கப்பட்ட ஏ.கே. கோபாலன் எதிர் சென்னை மாகாணம் வழக்கில், மங்களூரில் தொழிலைத் தொடங்கி சென்னைக்கு வந்த எம்.கே. நம்பியார் மனுதாரருக்காக வாதாடினார். அவருக்குத் துணையாக நின்றவர்களில் வி.ஜி. ராவ் ஒருவர். தனிமனித சுதந்திரத்தைப் பறிக்கும் நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்ற நம்பியாரின் வாதத்தைப் பெரும்பான்மை நீதிபதிகள் நிராகரித்தார்கள். நீதிபதி ஃபசல் அலி மட்டும் மாறுபட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1952 மார்ச்சில் வந்த சென்னை மாகாணம் எதிர் வி.ஜி. ராவ் வழக்கில் அதே ராவ் வழக்கின் தரப்பினராகவே நிற்கிறார். அவர் செயலாளராக இருந்த மக்கள் கல்விச் சங்கத்தைச் சென்னை அரசு சட்டவிரோதமானது என்று அறிவித்ததை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கு அது, அவரே வென்றார். அடிப்படை உரிமைகள் மீதான நியாயமான கட்டுப்பாடு எது என்பதற்குத் தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி அங்கு வகுத்த அளவுகோலை இன்றும் நீதிமன்றங்கள் எடுத்தாள்கின்றன. நம்பியாரின் வாதமோ 1978இல் மேனகா காந்தி வழக்கில், அவர் மறைந்த பிறகு, சட்டமாயிற்று. தோற்ற வழக்கில் ஒருவர் முன்வைத்த வாதம் இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து ஏற்கப்பட்ட வரலாற்றை இணைப்புகளைச் சொடுக்கியே படிக்க முடிகிறது. முதல் சில வழக்குகளில் தோற்று மனம் தளர்ந்த ஜூனியர்களுக்கு இந்த மூன்று தீர்ப்புகளையும் வரிசையாகப் படிக்கும்படி நான் சொல்வதுண்டு.

குறைகள் உண்டு. பழைய உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் உரையில் எழுத்துப் பிழைகளும் உடைந்த வரிகளும் இருக்கின்றன. எனவே மனுவில் மேற்கோள் காட்டும் பகுதியை அதிகாரப்பூர்வப் பிரதியோடு ஒப்பிட்ட பிறகே பயன்படுத்த வேண்டும். உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தொடங்கிய இணையத் தீர்ப்புத் திரட்டான இ-எஸ்.சி.ஆர். இதற்குக் கட்டணமின்றி உதவுகிறது. கீழமை நீதிமன்றங்களைப் பொறுத்தவரை டெல்லி, பெங்களூரு மாவட்ட நீதிமன்றங்களுக்குத் தனிப்பிரிவுகள் இருக்க, தமிழ்நாட்டின் மாவட்ட நீதிமன்ற உத்தரவுகளுக்கு நாம் நீதிமன்றங்களின் அதிகாரப்பூர்வ இ-கோர்ட்ஸ் தளத்தையே நாட வேண்டியுள்ளது. தமிழ்வழியில் படித்து அரசு சட்டக் கல்லூரியிலிருந்து வருபவருக்கு இங்குள்ள ஆங்கில உரைகள் முதலில் மலைப்பைத் தரும். அந்தத் தடையைத் தளம் தீர்த்துவைக்கவில்லை. சில கூடுதல் வசதிகளுக்கு இப்போது கட்டணம் உண்டு. ஜூனியர்களுக்கு மாதம் 15,000 முதல் 20,000 ரூபாய் வரை உதவித்தொகை தரப்பட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் சொல்ல வேண்டியிருந்த நிலையில், அடிப்படைத் தேடல் இலவசமாகவே தொடர்வது பெரிய ஆறுதல்.

மிகுந்த கவனத்தோடு பேச வேண்டியது தனியுரிமை. குற்றவியல் வழக்கில் விடுதலையான ஒருவர், தம் பெயர் தீர்ப்பின் வழியாக இணையத்தில் நிலைத்திருப்பதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். 2021இல் தனி நீதிபதி மனுவைத் தள்ளுபடி செய்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை நீக்குமாறு இந்தியன் கானூனுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. தீர்ப்பையே பொதுவெளியிலிருந்து எடுத்துவிடுவதை நான் ஏற்கவில்லை, ஏனெனில் அடுத்த எதிரியின் விடுதலைக்கு அந்தத் தீர்ப்பே முன்தீர்ப்பாகலாம். ஆனால் விடுதலையானவரின் பெயரை மறைத்து, காரணங்களை மட்டும் வைத்திருப்பதில் சட்ட அறிவுக்கு எந்த இழப்பும் இல்லை. நீதிமன்றங்களே தீர்ப்பைப் பதிவேற்றும்போது அதைச் செய்துவிட்டால் இத்தகைய தளங்கள் வழக்குக்கு இழுக்கப்பட வேண்டிய தேவையும் இராது.