‘கிவ் அப்’புக்கு (முயற்சியைக் கைவிடுதல்) எதிர்ச்சொல்: ‘பெர்சிவியர்’ சரியா, ‘பெர்சிஸ்ட்’ சரியா?

பொருள்: ‘பெர்சிவியர்’ என்றால் தடை வந்தாலும் தளராமல் முயல்வது. பாராட்டாகவே ஒலிக்கும்.
‘பெர்சிஸ்ட்’ விடாப்பிடியைச் சொல்லும். சில இடங்களில் பிடிவாதம் என்ற குறையும் ஒட்டிக்கொள்ளும்.

எழுவாய்: ‘பெர்சிவியர்’ முயற்சி செய்பவருக்கே பொருந்தும்.
வலியோ மழையோ நீடித்தால் ‘பெர்சிஸ்ட்’.

இலக்கணம்: ‘பெர்சிவியர்’ பெரும்பாலும் ‘வித்’ ஏற்கும். எழுதும்போது நடுவில் தவறாக ஓர் ‘ஆர்’ கூடிவிடும், கவனம். அழுத்தம் கடைசி அசையில்.
‘பெர்சிஸ்ட்’டுக்குப் பின் ‘இன்’, அடுத்து ‘இங்’ வடிவம். ‘டு’ போடுவதுதான் அடிக்கடி நேரும் பிழை.

ஒருவரின் உழைப்பை மெச்ச ‘பெர்சிவியர்’தான் என் தேர்வு. நோய் அறிகுறி, பிடிவாதம் என்றால் ‘பெர்சிஸ்ட்’.

ஆனால் ‘கிவ் அப் ஸ்மோக்கிங்’ போல ஒரு பழக்கத்தை விடுவதாக இருந்தால் இரண்டுமே பொருந்தா. அங்கே எதிர்ச்சொல் ‘டேக் அப்’, அதாவது பழக்கத்தைத் தொடங்குவது.