விமானப் பணிப்பெண் லைசென்ஸ் என்று சொல்லி 6,800 வெள்ளியை வாங்கிக்கொண்டார்கள்

பணத்தைத் திருப்பித் தர முடியாது என்று நேற்றுதான் கடைசியாகக் கையை விரித்தார்கள். ஆத்திரம் அடங்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். எஸ்பிஎம் என்னும் பள்ளி இறுதித் தேர்வை முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால் அவசியம் படியுங்கள்.

கோலாலம்பூரில் ஒரு கடைவீட்டு மாடியில் நடக்கும் தனியார் பயிற்சி நிலையம் அது. ஆறு வாரம், 6,800 மலேசிய வெள்ளி. கவுண்டரில் இருந்த பெண், "அக்கா, இது அமெரிக்கச் சட்டப்படி உள்ள சர்டிபிகேட், எந்த ஏர்லைன்ஸும் வேண்டாம்னு சொல்ல முடியாது" என்றாள். நான் யோசித்தேன். உடனே மேசை டிராயரைத் திறந்து, தங்க நிறத்தில் ஒரு சிறகு பின்னை எடுத்து என் மகளின் சட்டையில் குத்திவிட்டாள். மகள் போன் கேமராவில் தன்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குத்தான் பணம் கட்டினேன். என் இரண்டு வளையல்களும் அன்று மாலையே அடகுக்கடைக்குப் போய்விட்டன.

ஆறு வாரமும் கொண்டை, மேக்கப், அறிவிப்பு வாசிப்பு. தீயணைப்புப் பாடம் ஒரு வீடியோவோடு சரி. அவசரக் கதவுப் பயிற்சி என்று வகுப்பறைக் கதவையே திறந்து மூட வைத்திருக்கிறார்கள்!

போன வாரம் நேர்முகத் தேர்வில் விமான நிறுவன அதிகாரி சொன்னாராம்: "இது கணக்கில் வராதும்மா. எடுத்தால் நாங்களே பயிற்சி கொடுப்போம்."

அப்புறம்தான் தேடிப் படித்தேன். 2003-இல் வந்த அமெரிக்கச் சட்டம் உண்மைதான். ஆனால் அந்தச் சான்றிதழை அவர்களுடைய விமானப் போக்குவரத்து நிர்வாகம்தான் கொடுக்கும், அதுவும் பணிக்கு எடுத்த விமான நிறுவனத்தின் பயிற்சியை முடித்த பிறகு. கோலாலம்பூர் மாடிக் கடைக்கு அதில் என்ன வேலை? அனைத்துலக விதியும் அப்படித்தான்: அரசு ஒப்புதல் பெற்ற பயிற்சியை விமான நிறுவனம்தான் நடத்த வேண்டும், ஆண்டுதோறும் திரும்பவும் கொடுக்க வேண்டும். புகை சூழ்ந்த கேபினில் ஆட்களை வெளியேற்றும் வேலைக்கு வீடியோ போதுமா?

6,800 வெள்ளியைத் திருப்பிக் கேட்டேன். முதல் நாள், "மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறார் அக்கா." அடுத்த நாள், "அடுத்த பேட்ச்சில் இலவசமாக உட்காரட்டும்." மூன்றாம் நாள் வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும். நேற்று நேரில் போனால், விண்ணப்பப் பாரத்தின் அடியில் இருந்த பொடி எழுத்தைக் காட்டி, "பணம் திரும்பத் தரப்படாது, மேடம்." அக்கா போய் மேடம் ஆகிவிட்டேன்.

விரிவாக ஆலோசனை எழுதத்தான் நினைத்தேன், முடியவில்லை. லைசென்ஸ் என்று யாராவது சொன்னால், கொடுப்பது யார் என்று எழுத்தில் கேளுங்கள். விமான நிறுவனத்திடமே ஒரு வார்த்தை விசாரியுங்கள். முழுப் பணத்தையும் ஒரே தடவையில் கட்டாதீர்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கேட்கலாம். என் 6,800 வெள்ளிக்கு நாளைக் காலையே மனு கொடுக்கப் போகிறேன்.