சிங்க் அடிப் பெட்டியா, நிலத்தடித் தொட்டியா? உணவகக் கழிவுநீரில் எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும் வழிகள்

உணவகச் சமையலறையிலிருந்து வெளியேறும் நீரில் கலந்திருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைப் பிரிப்பதற்குப் பெரும்பாலும் நான்கு வழிகள் பரிந்துரைக்கப்படுகின்றன: சிங்க்கின் அடியில் பொருத்தும் சிறிய பிசுக்குப் பெட்டி (கிரீஸ் டிராப்), கட்டடத்துக்கு வெளியே புதைக்கும் பெரிய தொட்டி, பிசுக்கைத் தானே வழித்தெடுக்கும் மின்கருவி, குழாயில் ஊற்றும் நொதி அல்லது பாக்டீரியாக் கரைசல். எங்கள் உணவகத்துக்கு நாங்கள் நிலத்தடித் தொட்டியையே அமைத்தோம். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்வதை மறைக்க விரும்பவில்லை.

முதல் மூன்றும் இயங்கும் விதம் ஒன்றுதான். நீரின் வேகத்தைக் குறைத்தால் கொழுப்பு மேலே மிதக்கும், உணவுத் துணுக்குகள் அடியில் படியும், இடையில் உள்ள நீர் வெளியேறும். சேர்ந்த பிசுக்கை யார், எப்போது அகற்றுவது என்ற கேள்வியில்தான் இவை பிரிகின்றன; என் முடிவும் அதை வைத்தே அமைந்தது.

சிறிய பெட்டி விலை குறைவு, ஒரே நாளில் பொருத்திவிடலாம். ஆனால் அதன் கொள்ளளவைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் குழாய், வடிகால் துறை அமைப்பான பி.டி.ஐ. இத்தகைய பெட்டிகளுக்கு வகுத்த ஜி-101 தரநிலைப்படி, நிமிடத்துக்கு ஏறத்தாழ 75 லிட்டர் நீரைத் தாங்கும் பெட்டி சுமார் 18 கிலோ கொழுப்பைப் பிடித்துவைத்தால் போதும். வறுவல் மிகுந்த சமையலறையில் அந்த அளவு விரைவில் நிறைந்துவிடும் என்பதால், வாரந்தோறும், சில இடங்களில் அதைவிட அடிக்கடி, மூடியைத் திறந்து வழித்தெடுக்க வேண்டியிருக்கும். அந்த வேலை பெரும்பாலும் கடை மூடும் நேரத்தில், மிகவும் களைத்திருப்பவரின் தலையில் விழுகிறது. அதைத் தள்ளிப்போட்டாலும் உடனே எதுவும் தெரியாது என்பதுதான் உண்மையான சிக்கல்: பெட்டி நிறைந்த பிறகும் சிங்க்கில் நீர் வழக்கம்போல் இறங்கும், தப்பிய கொழுப்பு தொலைவில், குளிர்ந்த குழாய்க்குள் கெட்டிப்பட்டுக்கொண்டிருக்கும்.

நிலத்தடித் தொட்டி இந்தப் பொறுப்பைச் சமையலறைக்கு வெளியே கொண்டுபோகிறது. பல ஆயிரம் லிட்டர் கொள்ளும் தொட்டியில் நீர் ஏறக்குறைய 30 நிமிடம் தங்கும்படி வடிவமைப்பது வழக்கம். பாத்திரம் கழுவும் சூடான நீரும் சோப்பும் கொழுப்பை நுண்துளிகளாகச் சிதறடித்துவிடுகின்றன. அவை ஆறி மீண்டும் ஒன்றுசேர்வதற்கு வேண்டிய அவகாசம் சிறிய பெட்டியில் கிடைப்பதில்லை. மேலே மிதக்கும் படலமும் அடியில் படிந்த கசடும் சேர்ந்து நீரின் ஆழத்தில் 25 சதவீதத்தைத் தொட்டதும் லாரியை அழைத்து உறிஞ்சி எடுத்துவிட வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. ஓர் அளவுகோலை இறக்கிப் பார்த்தால் போதும், ஊகத்துக்கு இடமில்லை. லாரிக்காரர் மேற்படலத்தை மட்டும் உறிஞ்சிவிட்டுக் கிளம்பப் பார்த்தால் அனுமதிக்கக் கூடாது; அடிக்கசடு வரை தொட்டி முழுவதையும் காலி செய்ய வைக்க வேண்டும்.

இதிலும் குறை உண்டு. பெரிய தொட்டிதானே என்று மாதக்கணக்கில் விட்டுவிட்டால் கழிவு அழுகி ஹைட்ரஜன் சல்பைடு உருவாகும். அது நீர்மட்டத்துக்கு மேலுள்ள ஈரச் சுவரில் கந்தக அமிலமாக மாறிக் கான்கிரீட்டை அரிக்கும். எனவே தேவைக்கு மிஞ்சிய கொள்ளளவு இலாபமாகாது. கண்ணாடியிழைத் தொட்டிக்கு இந்த அரிப்புத் தொல்லை இல்லை.

தானியங்கிக் கருவி மேற்படலத்தைச் சூடாக்கி, சுழலும் தட்டில் ஒட்டும் கொழுப்பை வழித்துத் தனிக் கலத்தில் சேர்க்கிறது. வெளியே தோண்ட நிலமில்லாத இடத்துக்கு இது நல்ல தேர்வாகத் தோன்றுகிறது. ஆயினும் துணுக்குகளைப் பிடிக்கும் கூடையை அன்றாடம் காலி செய்தாக வேண்டும். ஆக, பராமரிப்பு வேலை மறையவில்லை, உருமாறியிருக்கிறது. வேறொரு சமையலறையில் சிறிது காலம் மட்டுமே இதைக் கையாண்டிருக்கிறேன் என்பதால், ஆண்டுகள் கடந்து எப்படி உழைக்கும் என்று உறுதி கூற மாட்டேன்.

நொதிக் கரைசலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நொதி கொழுப்பைக் கொழுப்பு அமிலங்களாகவும் கிளிசராலாகவும் உடைக்கும். ஆனால் அந்த அமிலங்கள் நீரோடு போய், கால்சியத்துடன் சேர்ந்து கரையாத சோப்பாக இறுகக்கூடும். சாக்கடைகளை அடைக்கும் கொழுப்புப் பாறைகள் பெரும்பாலும் இத்தகைய சோப்பால் ஆனவையே. 2017இல் லண்டனின் வைட்சேப்பல் பகுதியில் கண்டெடுக்கப்பட்டது 250 மீட்டர் நீளமும் சுமார் 130 டன் எடையும் கொண்டது. பாக்டீரியாக் கரைசலோ, பிளீச்சிங் கலந்த நீர் ஓடும் குழாயில் பிழைப்பதே அரிது.

மாடியில் இயங்கும் உணவகம், பொரிப்பது குறைந்த சிற்றுண்டிக் கடை ஆகியவற்றுக்குச் சிறிய பெட்டியே பொருந்தும். அதைத் தேர்ந்தெடுப்போர், சுத்தம் செய்வதை இரவில் வைக்காமல், காலையில் குழாயைத் திறக்கும் முன் வைத்துக்கொள்ளலாம். இரவெல்லாம் ஆறிய படலம் இறுகியிருப்பதால் கரண்டியோடு எளிதில் வந்துவிடும். வாணலியில் மிஞ்சிய எண்ணெயை எந்த வகைத் தொட்டிக்கும் அனுப்பக் கூடாது. தனிக் கலத்தில் சேர்த்தால் அது பயோடீசல் தயாரிப்போர் விலை கொடுத்து வாங்கும் பொருள். தொட்டிக்குள் போய்விட்டால், காசு கொடுத்து அகற்ற வேண்டிய கழிவு.