கன்னத்துக்குள் சிலிகான்: ஏழு ஆண்டு அனுபவம்

என் இரண்டு கன்னங்களுக்குள்ளும் ஏழு ஆண்டுகளாகச் சிலிகான் இருக்கிறது. ஒட்டிய கன்னத்தை நிரப்ப உள்ளே வைக்கும் துண்டு அது; இம்ப்ளாண்ட் என்பார்கள். 2018-இல், 31 வயதில், சென்னையில் அதற்கான அறுவைச் சிகிச்சை செய்துகொண்டேன். அப்போது நான் தேடிப் படித்த அனுபவங்கள் எல்லாம் முதல் மூன்று மாதங்களோடு நின்றுபோயிருந்தன. அதற்குப் பிறகு நடப்பதைச் சொல்ல ஆளில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சிறு வயதிலிருந்தே ஒட்டிய கன்னம். கல்யாண வீடுகளில் அத்தைகள் முகத்தைப் பிடித்துப் பார்த்து, "ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்பார்கள். அன்பாகத்தான் கேட்டார்கள். ஆனால் இருபது ஆண்டுகள் அதே கேள்வியைக் கேட்டால் மனம் நொந்துவிடுகிறது. எடை கூடியபோதும் கன்னத்தில் சதை பிடிக்கவே இல்லை.

முதலில் பார்த்த மருத்துவரிடம் கன்ன எலும்பு எடுப்பாகத் தெரியும் ஒரு படத்தைக் காட்டினேன். செய்துவிடலாம் என்று உடனே சொல்லிவிட்டார். மனம் ஒப்பாமல் இன்னொருவரிடம் போனேன். அவர் கன்னத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "உங்கள் எலும்பு நன்றாகவே இருக்கிறது. அதற்குக் கீழேதான் பள்ளம். எலும்பின் மேல் வைத்தால் பள்ளம் இன்னும் ஆழமாகத் தெரியும்" என்றார். எலும்பு மேட்டின் மேல் வைப்பது, அதன் கீழுள்ள பள்ளத்தை நிரப்புவது, இரண்டையும் சேர்த்து வைப்பது என இம்ப்ளாண்டில் வகைகள் உண்டு என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டாவது ஆளைப் பார்க்காமல் இருந்திருந்தால் தவறான இடத்தில் வைத்துக்கொண்டிருப்பேன்.

பொருளைத் தேர்ந்தெடுக்கும்போதும் அவர் நல்ல கேள்வி ஒன்று கேட்டார்: "பின்னால் வேண்டாம் என்று தோன்றினால்?" கன்னத்தில் வைக்கும் சிலிகான் ரப்பர் போன்ற திடப்பொருள். உள்ளே ஜெல் இல்லாததால் உடைந்து கசிய வழியில்லை. உடல் அதைச் சுற்றி மெல்லிய உறை ஒன்றை வளர்க்கும். அந்த உறையைத் திறந்து ஓரளவு எளிதாக வெளியே எடுத்துவிடலாம். நுண்துளைகள் கொண்ட பாலிஎத்திலீன் இன்னொரு வகை. அதன் துளைகளுக்குள் திசு வளர்ந்து பிடித்துக்கொள்வதால் இடம் நகர்வது குறைவு, எடுப்பது பெரும்பாடு. நான் சிலிகானையே கேட்டேன். இன்றுவரை அந்த முடிவில் எனக்கு வருத்தமில்லை.

முழு மயக்கம் கொடுத்து, வாய்க்குள் மேல் ஈறுக்குச் சற்று மேலே கீறி, அந்த வழியாக உள்ளே செலுத்தி, நகராமலிருக்க டைட்டானியம் திருகால் எலும்போடு பொருத்தினார்கள். வெளியே தழும்பு இல்லை. ஆனால் வாயில் கிருமிகள் எப்போதும் இருக்கும் என்பதால் தொற்று வரும் வாய்ப்பு இந்த வழியில் கூடுதல். பத்து நாட்கள் கஞ்சியும் மசித்த மோர்சாதமும்தான் உணவு. சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளிக்க வேண்டும். வீக்கம் மூன்றாம் நாள் உச்சத்தில் இருந்தது. இரண்டாம் வாரம் கண்ணாடியில் பார்த்து அழுதேன். அது வீங்கிய முகம்தான். என் முகம் இதுதான் என்று தெளிய நான்கு மாதங்கள் ஆயின.

மரத்துப்போவதைப் பற்றி யாரும் எனக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை. கண்ணுக்குக் கீழே எலும்பிலுள்ள துளை வழியாக ஒரு நரம்பு வெளிவருகிறது. கன்னம், மூக்கின் ஓரம், மேலுதடு ஆகியவற்றுக்கு உணர்வு தருவது அதுதான். அறுவைச் சிகிச்சை அதன் பக்கத்திலேயே நடக்கிறது. எனக்கு வலப்பக்கம் மூன்று வாரங்களில் உணர்வு திரும்பியது. இடப்பக்கம் திரும்ப ஐந்து மாதங்கள் பிடித்தன. காபி டம்ளரின் விளிம்பு உதட்டில் படுவது தெரியாது, வழிந்தால் துடைக்கத் தோன்றாது. பிறகு எறும்பு ஊர்வதுபோல் ஆரம்பித்து மெல்லச் சரியானது. சிலருக்கு இது நிரந்தரமாகவும் தங்கிவிடலாம். ஒப்புதல் படிவத்தில் இதெல்லாம் எழுதியிருந்தது உண்மைதான். ஆனால் கையில் ஊசி குத்தி, படுக்கையில் படுக்கவைத்த பிறகு அந்தப் படிவத்தை நீட்டினார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. படிவத்தை ஒரு வாரம் முன்பே கேட்டு வாங்கி வீட்டில் படியுங்கள்.

செலவு முழுவதும் கைக்காசு. அழகுக்காகச் செய்வதற்குக் காப்பீடு கிடைக்காது, அதன்மேல் 18% ஜிஎஸ்டியும் உண்டு. பிறவிக் குறையோ விபத்துக் காயமோ இருந்து அதைச் சீர்செய்வதென்றால் அந்த வரி கிடையாது.

2022-இல் இடது மேல் கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்தது. பல் வலி என்று மற்றவர்கள் இரண்டு நாள் பொறுக்கலாம், நான் பொறுக்க முடியாது. அந்தத் தொற்று இம்ப்ளாண்டுக்குப் பரவினால் பெரும்பாலும் அதை எடுத்தே ஆக வேண்டும். அன்றே வேர் சிகிச்சையைத் தொடங்கியதால் தப்பித்தேன். மறு ஆண்டு டெங்கு வந்து எடை குறைந்தபோது, வலப்பக்க விளிம்பு விரலுக்குத் தட்டுப்பட்டது. முகம் மாறுகிறது, உள்ளே இருப்பது அப்படியே இருக்கிறது. இடப்பக்கம் சுமார் இரண்டு மில்லிமீட்டர் மேலே இருக்கிறது. புகைப்படத்தில் சிரிக்கும்போது எனக்குத் தெரியும்.

முகம் பிடித்திருக்கிறது. எடுக்கும் எண்ணம் இப்போது இல்லை. ஆனால் இன்று முடிவெடுப்பதானால் முதலில் ஹையலூரானிக் அமில ஃபில்லர், அதாவது கன்னத்தை நிரப்ப ஊசியால் செலுத்தும் ஜெல், போட்டு ஓராண்டு அந்த முகத்தோடு வாழ்ந்து பார்த்திருப்பேன். பிடிக்காவிட்டால் ஒரு நொதி ஊசியால் கரைத்துவிடலாம். அதையும் அழகு நிலையத்தில் போடக்கூடாது. ஊசி இரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் தோல் அழுகலாம், பார்வைகூடப் போகலாம்.

இன்னொன்று. இம்ப்ளாண்டின் பெட்டியில் தயாரிப்பாளர், அளவு, தொகுதி எண் எல்லாம் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு இருக்கும். அந்தச் சீட்டைப் பெற நான் மூன்று முறை நடந்தேன். நீங்கள் டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே கேட்டு வாங்கி, ஒரு நகலைப் பல் மருத்துவரிடமும் கொடுத்துவையுங்கள்.