அவையா, குழு அறையா: மாணவ நிருபர் எங்கே உட்காரலாம்?

அமெரிக்காவில் ஒய்எம்சிஏவின் ‘யூத் அண்ட் கவர்ன்மென்ட்’ என்ற மாதிரிச் சட்டமன்றத் திட்டம் 1936-இல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கியது. பள்ளி மாணவர்களே மசோதா எழுதி, குழுவில் வாதாடி, அவையில் வாக்களித்து, இளையோர் ஆளுநரின் கையெழுத்துக்கு அனுப்புகிறார்கள். இதைச் செய்தியாக்கவும் பல மாநிலங்களில் மாணவ நிருபர்கள் உண்டு.

பெரும்பாலோர் ஓடுவது அவைக்குத்தான். அங்கே நல்ல படம் கிடைக்கும், வாக்கு எண்ணிக்கை கையில் வரும், செய்தியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஆனால் எல்லா நிருபர்களும் அதையேதான் எழுதியிருப்பார்கள்.

குழு அறை வேறு மாதிரி. மசோதாவுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று ஒருவர் கேட்க, எழுதியவர் தடுமாற, திருத்தம் வந்து மசோதாவே உருமாறுவதும், பல மசோதாக்கள் அவையை எட்டாமலே நின்றுபோவதும் இங்கேதான். எழுதியவரை வெளியே வந்ததும் பிடித்துப் பேசலாம், எதிர்த்தவரையும் கேட்கலாம். நேரம் பிடிக்கும், சலிப்பும் வரும், சரி. என்னைக் கேட்டால் முதல் நாள் முழுக்கக் குழு அறையில் இருங்கள், ஒரே ஒரு மசோதாவைப் பிடித்துக்கொள்ளுங்கள், அப்புறம் அது அவைக்கு வரும்போது மட்டும் அங்கே போங்கள்.