மருக்கு ஆர்ட்ஸ், உலுரு: செய்தவர் பெயரோடு விற்கும் கடை

ஆஸ்திரேலியாவின் நடுவே இருக்கும் பெரிய செம்பாறை உலுரு. அங்கே போகிறவர்கள் பாறையைச் சுற்றிப் பார்த்த கையோடு விமானம் ஏறிவிடாதீர்கள். அதைச் சுற்றிய தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் பண்பாட்டு மையத்தில் மருக்கு ஆர்ட்ஸ் என்று ஒரு கடை. அதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். 1984இல் தொடங்கியது. அந்த மண்ணின் மக்களான அனங்குகளுக்கே சொந்தம்.

நான் வாங்கியது ஒரு மர உடும்பு. ஆற்றங்கரையில் வளரும் யூகலிப்டஸ் மரத்தின் வேரில் செதுக்கியது. வேர் வளைந்த போக்கிலேயே வாலும் வளைந்திருக்கிறது. முதுகு நிறையக் கருங்கோடுகள். பெயின்ட் என்று நினைத்துவிடாதீர்கள். கம்பியை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, மரத்தில் வைத்துச் சுட்ட கோடுகள். விரலால் தடவினால் பள்ளம் தட்டுப்படும். மூக்கருகே கொண்டுபோனால் லேசாகத் தீய்ந்த வாசம். கூடவே ஒரு சீட்டு, அதில் செய்தவரின் பெயரும் ஊரும்.

சிட்னியில் இதே மாதிரி சல்லிசாகக் கிடைக்கிறதே என்பார்கள். பழங்குடிப் பாணி நினைவுப்பொருட்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டுக்குப் பழங்குடிகளோடு எந்தத் தொடர்பும் இல்லை என்று 2022இல் அரசின் உற்பத்தித்திறன் ஆணையமே சொன்னது. இந்தோனேசியாவில் செய்ததைப் பழங்குடிக் கைவேலை என்று விற்ற ஒரு நிறுவனத்துக்கு 2019இல் 23 லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. நிலத்தைப் பிடுங்கினார்கள், 1873இல் பாறைக்கு ஒரு வெள்ளைக்கார அரசியல்வாதியின் பெயரை வைத்தார்கள், இப்போது கைவேலையையும் களவாடுகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

1985 அக்டோபர் 26 அன்று உலுருவை அனங்குகளிடம் திருப்பிக் கொடுத்தது அரசு. கொடுத்த கையோடு 99 ஆண்டு குத்தகைக்குத் திரும்ப வாங்கிக்கொண்டது. ஏறாதீர்கள் என்று அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பாறை ஏறுவதை நிறுத்த 2019 ஆகிவிட்டது. நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லப் பழங்குடிகளுக்கு ஒரு ‘குரல்’, அதாவது ஓர் ஆலோசனை அமைப்பு, வேண்டும் என்று 2017இல் பழங்குடித் தலைவர்கள் இங்கிருந்துதான் கேட்டார்கள். 2023 வாக்கெடுப்பில் நாடு மறுத்துவிட்டது. ‘ஆம்’ என்று போட்டவள் நான். அந்தத் தோல்வி எனக்கு இன்னும் ஆறவில்லை.

மையத்துக்குள் படம் எடுக்கக் கூடாது. போனைப் பைக்குள் போட்டுவிடுங்கள். எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று அவர்களே முடிவுசெய்யும் இடம் அது. கடையில் பேரம் பேச வேண்டாம். வாங்கியதை யாருக்காவது பரிசாகக் கொடுப்பதானால் அந்தச் சீட்டையும் சேர்த்தே கொடுங்கள்.